வீசுபவர் ஒருவர், பிடிப்பவர் ஒருவர்: கோட்லா மைதானமும் சுழற்பந்து நால்வரும்

தில்லி கேட் பக்கம் போகிற நம்மவர் பலரும் ஃபெரோஸ் ஷா கோட்லாவை கிரிக்கெட் மைதானமாக மட்டுமே அறிவார்கள். அதே பெயருள்ள பழைய கோட்டை மைதானத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. அதன் உச்சியில் அசோகர் காலத்துக் கல்தூண் ஒன்று நிற்கிறது. இன்றைய ஹரியானாவில் உள்ள தோப்ரா என்ற ஊரிலிருந்து பதினான்காம் நூற்றாண்டில் ஃபெரோஸ் ஷா துக்ளக் அதைக் கொண்டுவந்து நிறுத்தினான். அசோகரின் ஏழாம் தூண் சாசனம் இந்த ஒரு தூணில்தான் இருக்கிறது. அதில் பிராமணர், ஆசீவகர் ஆகியோருடன் நிர்க்கிரந்தர் என்று சமணரும் குறிப்பிடப்படுகிறார்கள். வந்தவாசிப் பக்கத்துச் சமணனான எனக்கு அந்தத் தூணைப் போய்ப் பார்ப்பது ஒரு பழக்கம். பிராமி எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாத காலத்திலேயே போய்க்கொண்டிருந்தேன்.

ஆனால் 1999 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை, நான் தூணுக்குப் போகவில்லை; பக்கத்து மைதானத்துக்குப் போனேன். அன்றுதான் அனில் கும்ப்ளே பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் ஒருவராகவே எடுத்தார். 26.3 ஓவர், 74 ரன், 10 விக்கெட். சதர் பஜாரில் கடையை மூடிவிட்டு வந்த பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். அந்த ஆட்டத்தில் நம்ம சென்னைப் பையன் சடகோபன் ரமேஷ் 60, 96 என்று இரண்டு இன்னிங்ஸிலும் நன்றாக ஆடியதை, கும்ப்ளே செய்த காரியத்தின் சத்தத்தில் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஸ்கோர் கார்டை எழுதிப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பத்தில் மூன்று எல்.பி.டபிள்யூ., இரண்டு பவுல்டு. மீதி ஐந்தும் கேட்ச். விக்கெட் கீப்பர் நயன் மோங்கியா ஒன்று, கங்குலி ஒன்று, திராவிட் ஒன்று, லட்சுமணன் இரண்டு. வாசிம் அக்ரம் கொடுத்த கடைசிக் கேட்சும் மட்டைக்கு அருகே நின்ற லட்சுமணன் கைக்குத்தான் போனது. பத்தும் கும்ப்ளே கணக்கு என்பது சரிதான். ஆனால் அந்த ஐந்து கையும் அங்கே இல்லாவிட்டால் கணக்கு ஏது? அன்று தொடங்கிய யோசனையே இந்தக் கட்டுரை.

கேள்வி என்ன?

கிரிக்கெட் பேரேட்டில் ஒரு விசித்திரம் உண்டு. மட்டையாளர் கேட்ச் கொடுத்து அவுட் ஆனால், பிடித்தவர் பெயர் முதலிலும் வீசியவர் பெயர் இரண்டாவதாகவும் எழுதப்படும். ஆனால் வரவு வைப்பது வீசியவர் கணக்கில். பிடித்தவருக்குத் தனியாக ஒரு சிறிய கணக்கு உண்டு. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வியாபாரத்தில் இப்படி எழுதினால் பங்காளி சண்டைக்கு வந்துவிடுவார்.

நமது குடும்பங்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் இப்போது அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே ஆடப்படும் கால்பந்தில், பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையால்தான் எறிகிறார்கள். எறிகிறவரைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். ஓடிப்போய்ப் பிடிக்கிறவர் வைட் ரிசீவர். எறிகிறவர்களில் துணிந்து தூரமாக எறிபவர் உண்டு, அளந்து பக்கத்தில் கொடுப்பவர் உண்டு, போட்ட திட்டம் கலைந்த பிறகு அங்கேயே புதிதாக ஒன்று செய்பவரும் உண்டு. பிடிக்கிறவர்களிலும் வேகத்தில் ஓடி முன்னேறுபவர், சொன்ன இடத்தில் சொன்ன நொடியில் வந்து நிற்பவர், உயர எம்பிப் பறிப்பவர் என்று பல ரகம். எந்த எறிபவருக்கு எந்தப் பிடிப்பவர் பொருந்துவார் என்பதே அங்கே பெரிய படிப்பாம்.

நமக்கு இது புதிது அல்ல. திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று ஒரு முழு அதிகாரமே இருக்கிறது, ஐம்பத்திரண்டாவது அதிகாரம். ஒருவனுடைய இயல்பை அறிந்து அதற்கேற்ற வேலையை அவனிடம் விடுவதைப் பற்றி அங்கே பேசப்படுகிறது. 1960களிலும் 70களிலும் இந்திய கிரிக்கெட்டில் நால்வர் பந்து வீசிய கதையை அந்த அதிகாரத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பல விஷயங்கள் துலங்கும். அந்த நால்வரில் ஒருவர் நம்மவர். சென்னையைச் சேர்ந்த எஸ். வெங்கட்ராகவன். அவருடைய வாழ்வின் ஏற்றமும் இறக்கமும் இந்தக் கோட்லா மைதானத்தில்தான் நடந்தன என்பது தில்லித் தமிழர்களுக்கே பலருக்குத் தெரியாது.

நால்வர், நான்கு குணம்

பிஷன் சிங் பேடி, ஏரபள்ளி பிரசன்னா, பகவத் சந்திரசேகர், வெங்கட்ராகவன். நால்வரும் சேர்ந்து எடுத்த டெஸ்ட் விக்கெட் 853. பேடி 67 டெஸ்டில் 266, சந்திரசேகர் 58 டெஸ்டில் 242, பிரசன்னா 49 டெஸ்டில் 189, வெங்கட் 57 டெஸ்டில் 156. 'சுழற்பந்து நால்வர்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் நால்வருடைய குணமும் வேறு வேறு. ஆகவே அவர்களுக்கு வேண்டிய கைகளும் வேறு வேறு.

பேடி அமிர்தசரஸ்காரர், பிறகு தில்லிக்காரராகவே ஆகிப்போனார். அவர் தலைமையில்தான் தில்லி அணி 1978-79இல் முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டும் வென்றது. இடது கைச் சுழல். பந்தை உயரே மிதக்கவிட்டு, 'வா, அடி' என்று மட்டையாளரை அழைக்கிற தாராள மனசு. யாராவது சிக்ஸர் அடித்தால் தானே கைதட்டுவார். இப்படிப்பட்டவருக்கு எல்லைக்கோட்டருகே பொறுமையாகக் காத்திருக்கும் ஆளும் வேண்டும், விலகிப்போகும் பந்து மட்டையின் ஓரத்தில் பட்டால் பிடிக்க ஸ்லிப்பில் நிதானமான ஆளும் வேண்டும். ஒரு சிக்ஸர் போனதும் முகம் சுளிக்கிற தடுப்பாளர் பேடிக்கு ஆகாது.

பிரசன்னா பெங்களூர்க்காரர், பொறியியல் படித்தவர். 1962இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்த பிறகு படிப்புக்காக ஒதுங்கி, 1967 ஜனவரியில்தான் டெஸ்டுக்குத் திரும்பினார். ஆஃப் ஸ்பின்னர். பந்து கைக்கு எட்டிவிடும் என்று மட்டையாளர் முன்னே வருவார். பந்து ஒரு சாண் முன்னதாகவே இறங்கிவிடும். சதுரங்கம் ஆடுகிறவர் போல நாலு ஓவருக்கு முன்பே வலை விரிப்பவர். இவருக்கு வேண்டியது அவசரப்படாத விக்கெட் கீப்பர். மட்டையாளர் வெளியே வருவார் என்று நம்பிக் காத்திருக்க வேண்டும். வந்தபோது தவறவிட்டால் நாலு ஓவர் உழைப்பும் வீண்.

சந்திரசேகரின் கதையே வேறு. சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் வலது கை மெலிந்துபோனது. அந்தக் கையாலேயே வேகமான கூக்ளியும் டாப் ஸ்பின்னும் வீசினார்; பந்தைத் திருப்பி எறிவது மட்டும் இடது கையால். பந்து என்ன செய்யும் என்று சில சமயம் அவருக்கே தெரியாது என்பார்கள். ஒரு ஓவரில் இரண்டு பவுண்டரி போகும், அடுத்த பந்தில் ஸ்டம்பு பறக்கும். மென்மையான மனசுக்காரர். முகேஷ் பாட்டில் அவருக்கு உயிர். சோர்ந்திருக்கும்போது சக ஆட்டக்காரர்கள் பக்கத்தில் வந்து முகேஷ் பாட்டை முணுமுணுத்து உற்சாகப்படுத்தினார்கள் என்பது அந்தக் காலத்து கிரிக்கெட் ரசிகர்கள் எல்லோரும் அறிந்த சேதி. இவருக்கு வேண்டிய தடுப்பாளர், பந்தை முன்கூட்டியே கணிக்கப் பார்க்காமல் வந்த பிறகு கை நீட்டுகிறவர். யோசிக்கிறவனுக்கு சந்திரசேகர் ஒத்துவரமாட்டார்.

நாலாமவர் வெங்கட்ராகவன். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், உயரமானவர். பிரசன்னா மாதிரியே ஆஃப் ஸ்பின், ஆனால் மிதக்கவிடமாட்டார். தட்டையாக, துல்லியமாக, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடுவார். உயரத்தால் பந்து கொஞ்சம் கூடுதலாக எழும்பும். நல்ல கணக்கப்பிள்ளை காலணாவுக்கும் கணக்குக் கேட்பது போல ஒவ்வொரு ரன்னுக்கும் கணக்குக் கேட்பவர். கண்டிப்பானவர், யாராவது கேட்சை விட்டால் கோபம் முகத்தில் தெரிந்துவிடும். இவர் பந்தில் கேட்ச் வேகமாகவும் தாழ்வாகவும் வரும். ஆகவே ஷார்ட் லெக்கில் நிற்பவர் பயமறியாதவராக இருக்க வேண்டும், கோபத்தையும் தாங்க வேண்டும்.

பிடித்த கைகள்

இந்த நால்வரும் ஒரே டெஸ்டில் சேர்ந்து ஆடியது ஒரே ஒரு முறை. 1967 ஜூலையில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் எட்ஜ்பாஸ்டனில். அதில் இந்தியா 132 ரன்னில் தோற்றது. முதல் இன்னிங்ஸில் நமது அணி 92 ரன்னுக்குச் சுருண்டது முக்கியக் காரணம். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நான்கு வீசுபவர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கென்று பிடிக்கும் வளையம் இன்னும் முழுசாக உருவாகவில்லை. ஏக்நாத் சோல்கர் டெஸ்டுக்கு வந்ததே 1969இல்தான்.

சோல்கர் யார்? பம்பாயில் ஹிந்து ஜிம்கானா மைதானத்தைப் பராமரித்தவரின் மகன். அப்பா தண்ணீர் ஊற்றிய புல்தரையில் வளர்ந்தவர். ஹெல்மெட் என்பது இல்லாத காலத்தில் மட்டைக்குச் சில அடி தூரத்தில் ஷார்ட் லெக்கில் போய் நிற்பார். 27 டெஸ்டில் 53 கேட்ச். ஒரு டெஸ்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு. இவர் அங்கே நிற்கிறார் என்பதாலேயே மட்டையாளர்கள் முன்காலைத் தயங்கித் தயங்கி வைத்தார்கள். அந்தத் தயக்கத்தில் பேடிக்கும் பிரசன்னாவுக்கும் எத்தனை விக்கெட் விழுந்தது என்பதற்குப் பேரேட்டில் பத்தியே கிடையாது.

ஸ்லிப்பில் அஜித் வாடேகர். அலட்டல் இல்லாதவர், பேச்சு குறைவு. 37 டெஸ்டில் 46 கேட்ச். விக்கெட்டுக்குப் பின்னால் முதலில் ஃபரூக் எஞ்சினியர், தலைக்கு பிரில்கிரீம் விளம்பரத்தில் வந்த ஆடம்பரக்காரர். சந்திரசேகரின் பந்து திடீரென்று எகிறும்போது அவருடைய துள்ளல் உதவியது. அவருக்குப் பிறகு 1976இல் சையது கிர்மானி வந்தார். அவர் 1971, 1974 பயணங்களில் கூடவே போய், வாய்ப்பில்லாமல் உட்கார்ந்து பார்த்தே நால்வரின் கையையும் படித்துவைத்தவர். 88 டெஸ்டில் 160 கேட்ச், 38 ஸ்டம்பிங். காத்திருந்ததும் ஒரு படிப்புதான் என்பதற்கு இவர் சாட்சி.

அடுத்து கல்லி, ஸ்லிப் பக்கம் நீண்ட கைகளோடு ஒருவர் நிற்பார். அவர் வேறு யாருமல்ல, நாலாவது வீச்சாளரான அதே வெங்கட்ராகவன்தான். 44 டெஸ்ட் கேட்ச் பிடித்திருக்கிறார். தான் வீசாத நேரத்தில் மற்ற மூவருக்கும் கை கொடுத்தவர். நால்வரில் பேரேட்டின் இரண்டு பக்கத்திலும் கனமாகப் பெயர் உள்ளவர் இவர் ஒருவரே.

ஓவல், 1971

இந்தப் பொருத்தம் கச்சிதமாக அமைந்த நாள் 1971 ஆகஸ்ட் 24. அன்று விநாயக சதுர்த்தி. லண்டன் ஓவல் மைதானத்துக்கு நம்மவர்கள் ஒரு யானையைக்கூடக் கொண்டுவந்து வலம்வர விட்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் இங்கிலாந்து இரண்டாவது இன்னிங்ஸில் 101 ரன்னுக்கு அவுட் ஆகியிருந்தது. சந்திரசேகர் 38 ரன் கொடுத்து 6 விக்கெட். இந்தியா நாலு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. இங்கிலாந்து மண்ணில் நமக்கு அதுவே முதல் டெஸ்ட் வெற்றி, முதல் தொடர் வெற்றி. எனக்கு அப்போது பத்து வயசு. செய்தித்தாளை எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டோம்.

அந்த இன்னிங்ஸைப் பிரித்துப் பாருங்கள். ஃபிளெட்சர்: பிடித்தவர் சோல்கர், வீசியவர் சந்திரசேகர். லக்ஹர்ஸ்ட்: பிடித்தவர் வெங்கட்ராகவன், வீசியவர் சந்திரசேகர். ஆலன் நாட்: பிடித்தவர் சோல்கர், வீசியவர் வெங்கட்ராகவன். இந்த நாட் அந்தத் தொடர் முழுவதும் நமக்குத் தொல்லை கொடுத்தவர். சோல்கர் மட்டையின் காலடியில் பாய்ந்து விழுந்து அந்தக் கேட்சைப் பிடித்த படம் இன்றும் பலர் வீட்டு ஆல்பத்தில் இருக்கும். ஒரே இன்னிங்ஸில் வெங்கட் சந்திரசேகருக்குக் கை கொடுத்தார், சோல்கர் வெங்கட்டுக்குக் கை கொடுத்தார். கணிக்க முடியாத சந்திரசேகருக்கும் கண்டிப்பான வெங்கட்டுக்கும் ஒருசேரப் பொருந்தியது சோல்கரின் கை. ஏனென்றால் அது எதையும் எதிர்பார்க்கவில்லை, எதற்கும் பயப்படவுமில்லை.

இதில் தலைவர்களின் பங்கும் உண்டு. நவாப் பட்டோடி துணிந்து ஆடுகிறவர். அவர் மனசுக்குப் பிரசன்னாவின் மிதக்கும் பந்து பிடித்தது. 1968இல் நியூசிலாந்தில் இந்தியா 3-1 என்று வென்றது, வெளிநாட்டில் நமது முதல் தொடர் வெற்றி. அதில் பிரசன்னா 24 விக்கெட் எடுத்தார். வாடேகர் சிக்கனக்காரர்; ரன் கட்டுப்பாடு, தடுப்பு, கொஞ்சம் மட்டை ஆட்டம் என்று எல்லாம் தருகிற வெங்கட் அவருக்குப் பொருந்தினார். 1971இல் மேற்கிந்தியத் தீவுகளில் வெங்கட் துணைத்தலைவர். 22 விக்கெட் எடுத்தார். அதே ஆண்டு இங்கிலாந்தின் மூன்று டெஸ்டிலும் வெங்கட்தான் ஆடினார். பிரசன்னாவுக்கு ஒன்றில்கூட இடமில்லை. யார் பெரியவர் என்று இன்றும் வாதம் நடக்கிறது. சமணர்கள் அநேகாந்தம் என்று சொல்வோம். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு, ஒரு பக்கத்தைப் பார்த்து முடிவு கட்டாதே என்பது அதன் சாரம். பட்டோடி பார்த்த பக்கமும் உண்மை, வாடேகர் பார்த்த பக்கமும் உண்மை.

கோட்லாவில் வெங்கட்

இப்போது நமது மைதானத்துக்கு வருவோம். 1965 மார்ச்சில் நியூசிலாந்து அணி இங்கே ஆடியது. வெங்கட்டுக்கு அப்போது இருபது வயசு நிரம்பவில்லை. பிப்ரவரி கடைசியில் சென்னையில்தான் முதல் டெஸ்ட் ஆடியிருந்தார். பிரசன்னா படிப்பில் இருந்த காலம். கோட்லாவில் முதல் இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 80 ரன்னுக்கு 4. மொத்தம் பன்னிரண்டு. இந்தியா ஏழு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. பல்லாண்டு ஆடியும் அந்த எட்டு விக்கெட்டுக்கு மேல் ஒரு இன்னிங்ஸில் அவர் எடுக்கவில்லை. ஆக அவருடைய மிகச் சிறந்த நாள் கோட்லாவில்தான்.

அதே கோட்லாவில் 1969இல் ஆஸ்திரேலியாவை 107 ரன்னுக்குச் சுருட்டியபோது பத்து விக்கெட்டையும் பேடியும் பிரசன்னாவும் ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக்கொண்டார்கள். நாலாவது ஆளுக்கு அங்கே பங்கில்லை.

பிறகு 1974 டிசம்பர். மேற்கிந்திய அணி வந்திருந்தது. தலைவர் பட்டோடிக்குக் காயம், கவாஸ்கருக்கும் விரலில் காயம். தில்லி டெஸ்டுக்கு வெங்கட்ராகவனைத் தலைவராக்கினார்கள். எதிரணியில் விவியன் ரிச்சர்ட்ஸ் என்ற இளைஞர். தமது இரண்டாவது டெஸ்டிலேயே 192 ரன் எடுத்து அவுட் ஆகாமல் நின்றார். இந்தியா ஒரு இன்னிங்ஸும் 17 ரன்னும் வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். பட்டோடி திரும்பி வந்தார். தில்லியில் தலைவராக இருந்தவர் கல்கத்தாவில் பன்னிரண்டாவது ஆள்! தண்ணீர் கொண்டுபோகும் இடத்துக்கு வந்தார். அந்தக் கல்கத்தா டெஸ்டை இந்தியா வென்றது. அதனால் இதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

தேர்வு சரியா தப்பா என்று நான் வாதிடவில்லை. அணியில் இரண்டு ஆஃப் ஸ்பின்னருக்கு இடமில்லை என்பது ஒரு நியாயம்தான். ஆனால் பொருத்தம் பார்ப்பதில் ஒரு பாதியை மட்டும் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வீசுபவராக மட்டும் எடைபோட்டால் வெங்கட் நாலாவதுதான். வீசுபவர், பிடிப்பவர் என்று இரண்டையும் சேர்த்து எடைபோட்டால் தட்டு வேறு பக்கம் சாயலாம். அந்தத் தராசை அன்று யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

வெங்கட் இதற்கெல்லாம் உடைந்துபோகவில்லை என்பதுதான் நாம் சொல்லிக்கொள்ள வேண்டியது. 1975, 1979 உலகக் கோப்பைகளில் அவரே தலைவர். 1979இல் இங்கிலாந்து டெஸ்டுகளிலும் தலைவர். ஓய்வுக்குப் பிறகு நடுவரானார். 1993 முதல் 2004 வரை 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றார். பந்து வீசினார், கேட்ச் பிடித்தார், கடைசியில் கேட்ச் சரியா இல்லையா என்று தீர்ப்பும் சொன்னார். 2003இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பிறகு வந்தவர்கள்

வீசுபவரும் பிடிப்பவரும் பொருந்தியதற்குப் பின்னாளில் மிகப் பெரிய சாட்சி இலங்கையில் கிடைத்தது. கண்டியைச் சேர்ந்த மலையகத் தமிழர் முத்தையா முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். அவற்றில் 77 விக்கெட்டுக்குக் கேட்ச் பிடித்தவர் மகேல ஜெயவர்த்தன. விக்கெட் கீப்பரை விட்டுவிட்டால் டெஸ்ட் வரலாற்றில் இதற்கு இணையான சோடி இல்லை. 2010 ஜூலை 22, காலியில், முரளியின் கடைசி டெஸ்டில் 800ஆவது விக்கெட். பிரக்ஞான் ஓஜா, பிடித்தவர் ஜெயவர்த்தன. முரளி எப்போதும் சிரித்த முகமாய், பேச்சும் பரபரப்புமாக இருப்பார். ஜெயவர்த்தன ஸ்லிப்பில் அசையாமல் நிற்பார். அந்தத் தீவில் அந்த ஆண்டுகளில் நம் இனத்தவருக்கு என்னவெல்லாம் நடந்தது என்று நமக்குத் தெரியும். இரண்டு பேர் மைதானத்தில் பொருந்தியதால் அந்தத் துயரம் ஆறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தமிழர் வீசியதை ஒரு சிங்களவர் 77 முறை தவறாமல் பிடித்தார் என்பதும் வரலாறு. அதையும் எழுதி வைக்க வேண்டும்.

கும்ப்ளேக்குத் திராவிட் அப்படி அமைந்தார். இருவரும் பெங்களூர், இருவரும் நிதானம். வெங்கட்டின் வழியில் ஆஃப் ஸ்பின் வீச வந்த சென்னை அஸ்வின் 537 விக்கெட்டோடு 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். பேடி 2023 அக்டோபர் 23 அன்று தில்லியில் காலமானார். சோல்கர் 2005லேயே போய்விட்டார். கோட்லா மைதானமும் 2019 முதல் அருண் ஜெட்லி ஸ்டேடியம் ஆகிவிட்டது. தூண் மட்டும் அங்கேயே நிற்கிறது.

கடைசியாக ஒன்று

இதை நான் ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறேன் என்றால், இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். கடை வைத்த புதிதில் என் தம்பியை ஊரிலிருந்து வரவழைத்தேன். அவன் கூச்ச சுபாவம். சரக்கை எண்ணுவதிலும் அடுக்குவதிலும் அவனை மிஞ்ச ஆளில்லை. நான் அவனைக் கல்லாவில் உட்கார வைத்து, பாக்கி வசூலுக்கும் அனுப்பினேன். பாக்கிக்காரர்கள் எதிரே அவனுக்கு நாக்கு எழவில்லை. 'உனக்குச் சாமர்த்தியம் போதாது' என்று பல பேர் முன்னால் சொல்லிவிட்டேன். இரண்டு வருஷத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டான். அங்கே ஒரு அரிசி மண்டியில் கிடங்குப் பொறுப்பு ஏற்று, அந்த வட்டாரத்தில் நல்ல பெயர் எடுத்தான். சாமர்த்தியம் போதாமல் இருந்தது எனக்குத்தான். இதை அவனிடம் நேரில் சொல்ல எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் பிள்ளைகளை எல்லாம் வீசுபவர்களாகவே ஆக்கப் பார்க்கிறோம். எல்லோரும் பத்து விக்கெட் எடுக்க வேண்டும், எல்லோர் பெயரும் பேப்பரில் வர வேண்டும் என்கிறோம். ஒரு குழந்தை ஷார்ட் லெக்கில் நிற்கப் பிறந்திருக்கலாம். பக்கத்தில் நின்று, பயப்படாமல், பிறர் அனுப்பியதைத் தரையில் விடாமல் பிடிக்கிற குணம் சிறிய குணமா? நமது சங்கமே அப்படிப்பட்ட கைகளால்தான் நடக்கிறது. மேடையில் பேசுகிறவர் பெயர் மலரில் வருகிறது. நாற்காலி போட்டவர் பெயர் வருவதில்லை.

அடுத்த முறை ஸ்கோர் கார்டைப் பார்க்கும்போது முதலில் எழுதியிருக்கும் பெயரையும் ஒருமுறை படியுங்கள். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். தில்லி கேட் பக்கம் போனால், மைதானத்தைக் காட்டும்போது, 1965இல் இங்கே ஒரு தமிழ்ப் பையன் பன்னிரண்டு விக்கெட் எடுத்தான் என்று சொல்லுங்கள். மற்றவர்களுக்காகக் கேட்சும் பிடித்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.